தொண்ணூற்று நான்கில் தொடங்கிய படம்

ஹம்சவேணிக்குக் கோபமே வராது என்று எங்கள் ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். ஆபீசில் வருகிற கோபத்தை எல்லாம் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போய்த் தம்பி தலையில் கொட்டுவாள், அவ்வளவுதான். என்னைப் போல அங்கேயே கத்தித் தீர்த்திருந்தால் இப்படி ஒரு நாளை நாங்கள் பார்த்திருக்க மாட்டோம். நான் அற்புதமேரி, அவளுக்குப் பக்கத்து மேசை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அந்த வேலைக்குப் பொறுமைசாலி வேண்டும் என்பார்கள். என்னை எப்படி எடுத்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

நான் சொல்வது இரண்டாயிரத்து ஏழாம் வருடக் கதை. மதுரை பைபாஸ் ரோட்டில் கீழே டைல்ஸ் கடை, மேலே எங்கள் கம்பெனி. முதலாளி தனிஸ்லாஸ் சார் வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டு வந்து ஒரு சார்ட் லைப்ரரியை உருவாக்கி விற்றுக்கொண்டிருந்தார். லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். எண்களைக் கொடுத்தால் அவற்றைப் பட்டையாகவும் கோடாகவும் வட்டமாகவும் வரைந்து தரும் ஆயத்த நிரல் அது. வேறு ஊர்களில் இருக்கும் புரோகிராமர்கள் அதை வாங்கித் தங்கள் வேலையில் பொருத்திக்கொள்வார்கள்.

அதை எப்படிப் பொருத்துவது என்று விளக்கும் டாக்குமென்டேஷன் எழுதுவதுதான் ஹம்சவேணியின் வேலை. எம்.எஸ்சி. கணிதம் படித்தவள். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். சாயப்பட்டறையில் வேலை பார்த்த அப்பா துளசிராமும் அவள் கல்லூரி முடித்த வருடம் இறந்துவிட்டார். மிச்சம் இருந்தது தம்பி கிரிதரன் ஒருவன். அவனை ஆளாக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று தன் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் டாக்குமென்டேஷனைப் படித்தால் தலைவலி வரும். இன்ன கட்டளை இன்னது செய்யும் என்று பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தது, உதாரணம் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே ஒரே சந்தேகத்தை உலகம் முழுவதிலிருந்தும் கேட்டு எனக்கு மெயில் வந்துகொண்டே இருக்கும். ஹம்சவேணி வந்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சின்ன சாம்பிள் கோட் சேர்க்க ஆரம்பித்தாள். ஏழெட்டு வரிதான். அப்படியே எடுத்து ஒட்டினால் படம் வந்துவிடும். ஒவ்வொன்றையும் வெற்றுப் பக்கத்தில் தானே ஒட்டி ஓட்டிப் பார்ப்பாள். "எல்லாரும் அப்படியே காப்பி அடிக்கத்தான் போறாங்க மேரி. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் நமக்குத்தான் திட்டு" என்பாள்.

முதலில் உதாரண எண்களை நம் ஊரிலிருந்தே எடுத்தாள். மாட்டுத்தாவணியில் மல்லிகைப் பூ வந்த அளவு, அவனியாபுரம் ஷேர் ஆட்டோவில் ஏறிய ஆட்கள் என்று ஒரே ரசனையாக இருக்கும். வெளிநாட்டுக்காரனுக்கு அவனியாபுரம் என்ன தெரியும் என்று சார் அதையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு எல்லாம் யூனிட் ஏ, யூனிட் பி என்று உயிரில்லாத பெயர்களாக ஆகிவிட்டன.

பட்டைப் படத்துக்கு அவள் எழுதிய உதாரணத்தில் ஆறு யூனிட்டுகள். அவற்றுக்குத் தொண்ணூற்றைந்திலிருந்து தொண்ணூற்றெட்டு வரை எண்கள் கொடுத்திருந்தாள். படத்தை ஓட்டினால் ஆறு பட்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றன. தனிஸ்லாஸ் சார் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "என்னம்மா இது, காம்பவுண்டு சுவர் மாதிரி நிக்குது. இதைப் பாத்து எவன் காசு குடுத்து வாங்குவான்?"

ஹம்சவேணி ஒரே ஒரு வரி சேர்த்தாள். படத்தின் அடி பூஜ்ஜியத்தில் தொடங்காமல் தொண்ணூற்று நான்கில் தொடங்கட்டும் என்று சொல்லும் வரி. அவ்வளவுதான், ஒரு பட்டை கட்டைவிரல் அளவுக்குக் குட்டையாகவும் இன்னொன்று அதைப் போல நான்கு மடங்காகவும் எழுந்து படம் களைகட்டிவிட்டது. எண்கள் மாறவே இல்லை. உங்கள் எண்களுக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளவும் என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதினாள். சார் மகிழ்ந்துபோய் அதை முதல் பக்கத்தில் போடச் சொன்னார்.

இதற்கிடையில் கிரிதரனுக்கு ஒரு வழியாக வேலை கிடைத்திருந்தது. பாலிடெக்னிக்கில் அரியர் வைத்து, ஜெராக்ஸ் கடை, கூரியர் ஆபீஸ் என்று அலைந்தவன், கப்பலூரில் வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்கிற ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தான். அவன் பிரிவில் ஆறு பேர். பொங்கலுக்குள் ஐந்து பேரை பெர்மனென்ட் ஆக்கிவிட்டு ஒருவரை அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. ஹம்சவேணிக்குச் சோறு தண்ணீர் எல்லாம் அந்த பெர்மனென்ட்தான். செவ்வாய்க்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போனாள். நானும் என் பங்குக்கு ஞானஒளிவுபுரம் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். கிரிதரன் நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் போவான், லீவே போட மாட்டான்.

அக்காவைப் பற்றிப் பெருமையடிப்பது மட்டும்தான் அவனிடம் இருந்த கெட்ட பழக்கம். அவனுடைய கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெர்சி என்ற பையன், ஒவ்வொருவர் செய்த வாஷரில் நூற்றுக்கு எத்தனை தேறுகிறது என்று படமாகப் போட வேண்டும், என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்திருக்கிறான். எங்கக்கா கம்பெனியிலயே அதுக்கு சாமான் இருக்கு, இலவசமா எறக்கிப் பாக்கலாம் என்று கிரிதரன்தான் சொல்லிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அக்காவிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறான். அவளுக்கும் சந்தோஷம்தான்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் பெர்சியிடமிருந்து எனக்கு மெயில் வந்தது. பிரிண்ட் எடுத்தால் படத்தின் இடது ஓரத்து எண்கள் வெட்டுப்பட்டுப் போகின்றன, என்ன செய்ய என்பது கேள்வி. பிரிண்ட் எடுத்த தாளைப் படம் பிடித்து இணைத்திருந்தான். திறந்தேன். மொக்கையன், காளை, மலைச்சாமி என்று பெயர்கள் வரிசையாக இருந்தன. பட்டைகள் நெடுநெடுவென்று நின்றன. கடைசியில் கிரிதரன் என்ற பெயருக்கு மேலே ஒரு சின்னத் துண்டு.

மூடிவிடலாம் என்று கையைக் கொண்டுபோவதற்குள் ஹம்சவேணி பின்னால் வந்து நின்றுவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போனதை அன்றுதான் பார்த்தேன். பிறகு, "இம்புட்டு மோசமாவா வேலை பாக்குறான்?" என்று மட்டும் கேட்டாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன், காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. மெயிலை அவளுடைய பெட்டிக்கு அனுப்பச் சொன்னாள், பதிலை நாளைக்கு எழுதுகிறேன் என்றாள். பையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

அன்று வீட்டில் நடந்ததை மறுநாள் காலை அவளே என்னிடம் சொன்னாள். கிரிதரன் ஷிஃப்ட் முடிந்து வந்து தட்டில் கை வைத்ததும் ஆரம்பித்திருக்கிறாள். ஊரான் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றாளாம். இந்த வேலையும் போனால் தெருவில்தான் நிற்க வேண்டும் என்றாளாம். அவன் நான் ஒழுங்காகத்தான் பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது இவள், "யார்கிட்டடா கதை விடுற? ஆறு பேர்ல நீதான் கட்டக் கடைசி. என் கண்ணால படத்தைப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்று கத்தியிருக்கிறாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் என்னமோ நல்லாத்தான் பாக்குறேன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போயிருக்கிறான். காலையில் இவள் எழுவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

"கொஞ்சம் கூடத்தான் பேசிட்டேன். ஆனா சொல்ல வேண்டியதுதானே மேரி?" என்று என்னிடம் கேட்டாள். இளந்தாரிப் பையனைத் தட்டுக்கு முன்னால் வைத்துத் திட்டுவாயா என்று நான் இரண்டு வார்த்தை கொடுத்தேன். அவள் பெர்சியின் மெயிலைத் திறந்து வேலையைத் தொடங்கினாள்.

முந்தின நாள் நாங்கள் இருவருமே படத்தோடு நிறுத்திவிட்டோம். படத்துக்குக் கீழே பெர்சி தன்னுடைய கோட் முழுவதையும் ஒட்டி அனுப்பியிருந்தான். அதைப் படித்துக்கொண்டே வந்தவளின் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. என்ன என்று கேட்டேன். விரலால் காட்டினாள். அடி தொண்ணூற்று நான்கில் தொடங்கட்டும் என்ற வரி அங்கே இருந்தது. பக்கத்தில், உங்கள் எண்களுக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளவும் என்ற அவளுடைய குறிப்பும் இருந்தது. யூனிட் பெயர்களை எடுத்துவிட்டு ஆட்களின் பெயரையும் எண்களையும் போட்டதைத் தவிர அந்தப் பையன் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

"மேரி, இது என் வரி" என்றாள்.

எண்களைப் பார்த்தோம். மொக்கையனுக்குத் தொண்ணூற்றெட்டு, காளைக்குத் தொண்ணூற்றேழு, கிரிதரனுக்குத் தொண்ணூற்றைந்து. நூறு வாஷர் செய்தால் தொண்ணூற்றைந்து தேறுகிறது. முதல் ஆளுக்கும் இவனுக்கும் மூன்றே வாஷர் வித்தியாசம். அடியில் இருக்கிற தொண்ணூற்று நான்கை வெட்டி எடுத்துவிட்டதால் இவனுடைய தொண்ணூற்றைந்து ஒரு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது. ஓரத்து எண்களும் பிரிண்டில் வெட்டுப்பட்டுப் போனதால் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. அந்த வரியை எழுதியவளே பார்த்து ஏமாந்திருக்கிறாள்.

அவள் அழவில்லை. பெர்சியின் எண்களையே வைத்து அடியைப் பூஜ்ஜியமாக மாற்றி ஒரு படம் எடுத்தாள். சார் சொன்ன அதே காம்பவுண்டு சுவர். பழைய படத்தையும் ஒரு பிரிண்ட் எடுத்தாள். போன் பண்ணிச் சொல்லேன் என்றேன். போனில் சொன்னால் எவனுக்கும் புரியாது, காட்டத்தான் வேண்டும் என்றாள். என் ஸ்கூட்டியிலேயே கிளம்பினோம். திருப்பரங்குன்றம் தாண்டிக் கப்பலூர் போகிறவரை அவள் என் தோளைப் பிடித்த பிடியில் தோள்பட்டை வலித்தது. பொங்கல் நெருங்குகிறது, இன்றைக்கே ஆளை முடிவு பண்ணிவிட்டால் என்ன செய்வேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கம்பெனி வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனதும் முதலில் எதிர்ப்பட்டவன் பெர்சிதான். நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரே பூரிப்பு. உங்க சாம்பிளை அப்படியே எடுத்துப் போட்டேன் மேடம், ஒரு எழுத்து மாத்தல, முதல் தடவையே ஓடிருச்சு என்றான். அவனை ஓங்கி ஒன்று விட வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. ஆனால் சாம்பிள் எழுதுவதே அதற்குத்தானே? அவனை என்ன சொல்ல முடியும்?

புரொடக்ஷன் மேனேஜர் சின்னச்சாமி எங்களை உட்காரச் சொன்னார். ரப்பர் நாற்றம் அறை முழுக்க இருந்தது. ஹம்சவேணி இரண்டு தாள்களையும் அவர் முன்னால் வைத்து, ஒரே எண்கள்தான் சார், என் வரியால்தான் இப்படித் தெரிகிறது என்று விளக்கினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். நிஜமாகவே திடுக்கிட்டுப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியானால் எல்லோரும் ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறார்களா என்று இரண்டு முறை கேட்டார்.

ஹம்சவேணி விஷயத்துக்கு வந்தாள். இந்தப் படத்தை வைத்து என் தம்பியை நிறுத்திவிடாதீர்கள் என்றாள்.

சின்னச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். "படத்த வச்சு நான் எவனயும் நிப்பாட்டுறதில்லம்மா. அது ஐ.எஸ்.ஓ. ஆடிட்டரு வந்தா பாக்குறதுக்காகச் செவத்துல ஒட்டச் சொன்னது. யாரு லீவு எடுக்குறான்னு பாத்துத்தான் நான் ஆளக் கழிப்பேன். ஒங்க தம்பி லீவே எடுக்காதவன். அவன நான் கழிப்பேனா?"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஹம்சவேணி கும்பிடவே கையைத் தூக்கிவிட்டாள். ஆனால் அவர் பேச்சை முடிக்கவில்லை.

"என்னத்தச் சொல்ல? காலையில வந்தவுடனே எங்கிட்ட வந்து, என்னால முடியல சார், வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டு நின்னான். எம்புட்டோ கேட்டேன், காரணஞ் சொல்லல. அப்படியே போயிட்டான். ஒரு ஆளக் கொறைக்கணும்னு மேல நெருக்கிக்கிட்டு இருந்தாங்க. அவனாவே போயிட்டான், மத்த அஞ்சு பேரையும் போட்டுக்கலாம்னு நானும் போன்ல சொல்லி முடிச்சிட்டேம்மா."

நான்தான் விடாமல் கேட்டேன். மறுபடி ஒரு போன் போடுங்கள் என்றேன், நீங்கள் மனிதரா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. எங்கள் எதிரிலேயே போன் போட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்தவர்கள் முடிந்தது முடிந்ததுதான் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வரும்போது சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டியிருந்தது. கிழித்து எறிந்துவிட்டு வந்தேன். ஒருவரும் தடுக்கவில்லை.

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே ஹம்சவேணி டாக்குமென்டேஷனிலிருந்து அந்த வரியை எடுத்தாள். தனிஸ்லாஸ் சார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஆனால் பழைய படம்தான் பார்க்க நன்றாக இருந்தது, அதைத் திரும்பப் போடுங்கள் என்று எங்கெங்கிருந்தோ மெயில்கள் வந்தன. அவர்களுக்கெல்லாம் நான் எழுதிய பதில்களைச் சார் படித்திருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார். கிரிதரன் டவுன்ஹால் ரோட்டில் ஒரு செல்போன் கடையில் போய் நின்றான். ஹம்சவேணி இன்னும் உதாரணங்கள் எழுதுகிறாள். எழுதி முடித்ததும் எழுந்து போய்விட்டு, யாரோ எழுதியதைப் படிப்பவள் போல மறுபடி வந்து உட்கார்ந்து படிக்கிறாள்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் இதெல்லாம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. நேரே அவள் வீட்டுக்குப் போனோம். கிரிதரன் உள்ளே உட்கார்ந்து கம்பெனி சட்டையைத் துவைத்துக் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தான். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றான். வாங்க மேரியக்கா என்று எழுந்து எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான். வீட்டில் அவர்கள் சௌராஷ்டிரத்தில்தான் பேசுவார்கள். நான் இருந்ததால் தமிழில் பேசினார்கள்.

ஹம்சவேணி இரண்டு தாள்களையும் அவனிடம் கொடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் சீக்கிரமே புரிந்துகொண்டான். கம்பெனியிலிருந்து வந்த படத்தை ஓரமாக வைத்துவிட்டு, எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்கிற படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் நல்லாத்தான் பாத்திருக்கேனா?" என்று கேட்டான். முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"பின்ன எதுக்குடா போய்ச் சொன்ன? ஒரு படத்தப் பாத்தா வேலைய விட்டுட்டு வருவ?" என்று ஹம்சவேணி உடைந்துபோய்க் கேட்டாள்.

அவன் குரலில் கோபமே இல்லை. "படத்தப் பாத்து விடலக்கா. அது ரெண்டு மாசமா செவத்துலதான் இருக்கு, எவனும் மதிக்கிறதில்ல. மொக்கையன் அது மேலயேதான் சட்டையத் தொங்கப் போடுவான். நேத்து நீ பாத்துட்டு வந்து சொன்னேல்ல? படம் போடுறவளே சொல்லும்போது தப்பா இருக்காதுன்னு நினைச்சேன்."

"நான் சொன்னா அப்படியே நம்பிருவியாடா?"

"இன்னைக்கு வரைக்கும் நீ சொன்ன எதைக்கா நான் நம்பாம இருந்திருக்கேன்?" என்றான்.